ஆறாம் வரிசைக்கு வந்த விளக்கு

இருட்டக்கா என்ற பெயரை அவருக்கு வைத்தது எங்கள் லேபிள் பிரிவுதான். நாங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவு லேசாகத் திறக்கும். முதலில் ஒரு கை மட்டும் உள்ளே வந்து சுவிட்சைத் தட்டி விளக்கை அணைக்கும். அதன் பிறகுதான் ஆள் தெரிவார். "உள்ளே ஆள் இருக்கோம் அக்கா" என்று நாலு பேர் கத்தினால், ஆள் இருக்கும் லட்சணம் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டு, விளக்கை மறுபடி போடாமலேயே போய்விடுவார்.

எங்கள் ஒயின் நிறுவனத்தில் சுவை பார்த்து முடிவு சொல்கிற வேலை அவருடையது. நுரைக்கும் வெள்ளை ஒயின்தான் எங்கள் சரக்கு. எந்த வருடத்து ஒயின் எத்தனை ஆண்டு நிலவறையில் கிடக்க வேண்டும், எப்போது அதை வெளியே எடுக்கலாம் என்பதை அவர் நாக்கும் மூக்கும் சொல்லும். சுருக்கமாகச் சொன்னால் காத்திருப்பதுதான் வேலை. ஆனால் காத்திருக்கத் தெரியாத ஆள் ஒருவர் வேண்டும் என்று ஊரெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தால் கடைசியில் அவரைத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். பஸ் இரண்டு நிமிடம் தாமதித்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். லிப்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு மாடிப்படியில் ஏறிவிடுவார். யாராவது ஒரு விஷயத்தை ஆதியிலிருந்து தொடங்கினால், "முடிவைச் சொல்லு, ஆரம்பத்தை நானே யூகிச்சுக்கறேன்" என்பார். அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வண்டியை நடுரோட்டில் நிறுத்துகிறவர்களிடம் குரல் உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அவர் ஷூ லேஸ் கட்டுகிற வேகத்தைப் பார்த்தே தனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததாக அக்கா சொல்வார்.

ஒயினிடம் மட்டும் அவர் வேறு ஆள். அங்கே அவசரமே கிடையாது.

இந்த வேலைக்கு என்று அவர் வரவில்லை. இருபத்து நாலு வயதில் தட்டச்சராகச் சேர்ந்தார். ஒருநாள் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சுவைக்கூடத்துக்குப் போனபோது, அப்போதைய தலைமைச் சுவைஞர் வெளியூர் விருந்தாளிகளுக்குக் கிளாஸ்களை வரிசையாக வைத்து விளக்கிக்கொண்டிருந்தாராம். அவர் முடிக்கிற வழியாக இல்லை. நின்று நின்று கால் கடுத்த இவர், மூன்றாவது கிளாசில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வருகிறது என்று சொல்லிவிட்டார். தலைவர் முறைத்தார், முகர்ந்தார், விருந்தாளிகளைத் தோட்டம் பார்க்க அனுப்பினார். தக்கை கெட்டிருந்தது உண்மை. அடுத்த மாதம் அவருடைய தட்டச்சு மேசைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள்.

அந்த மூக்கைக் காப்பாற்ற வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல. கணவர் சவரத்துக்குப் பிறகு பூசுகிற வாசனைத் தண்ணீரை விட்டார். துணிக்கு மணமில்லாத சோப்பு. சுவை பார்க்கிற நாள் என்றால் பல் துலக்க வெறும் உப்பு. கல்யாண வயதில் அத்தர் பூச ஆசைப்பட்ட மகள், தெருமுனையில் போய்ப் பூசிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். திரும்பி வருகையில் தோழி வீட்டில் கழுவிவிட்டு வருவாள். அக்காவுக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்தது யாருக்கும் தெரியாது.

சொல்ல வந்தது ஆறாம் வரிசை ஒயினின் கதை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு விளைச்சல் வந்தது. கோடை நீண்டு, கடைசி மூன்று வாரம் இரவுகள் குளிர்ந்து, திராட்சை புளிப்பு குறையாமல் பழுத்தது. அந்த ஒரே வருடத்துப் பழத்தில் நாலாயிரம் பாட்டில் நிரப்பினார்கள். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் போட்டு மூடி, அது நுரையைக் கட்டிவிட்டு அடியில் வண்டலாகப் படிந்த பின், அந்த வண்டலோடு ஆண்டுக்கணக்கில் படுக்கப் போடுவது எங்கள் முறை. செத்த ஈஸ்டிலிருந்து ஒயினுக்கு மெல்ல மெல்ல ருசி இறங்கும். அந்த நாலாயிரத்தையும் வழக்கமான கரும்பச்சை பாட்டிலில் அடைக்காமல் நிறமில்லாத கண்ணாடியில் அடைத்தார் அன்றைய முதலாளி. பொன்னிறம் அப்படி ஒரு நிறம், அதை மறைப்பது பாவம் என்றார். அக்கா கூடாது என்றார். வெயிலில் குடையில்லாமல் பிள்ளையை அனுப்புகிற காரியம் இது என்று முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நிலவறையின் கோடியில் இருக்கும் ஆறாம் வரிசை, அங்கே விளக்கே கிடையாது, முன்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி, பார்க்கப் போகிறவர்கள், மஞ்சள் வெளிச்சம் ஒயினை அவ்வளவாகத் தொடாது என்பதால், டார்ச்சில் மஞ்சள் தாள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த முதலாளி மறு வருடம் இறந்துபோனார். துணி அப்படியே தொங்கியது.

ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஒரு காலைப் பதினோரு மணிக்கு இரண்டு பாட்டில் எடுப்பார்கள். நிலவறை மேஸ்திரி பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மூடியைத் தட்டுவார். வண்டல் நுரையோடு பீறிட்டு வெளியேறும். மிச்சம் கிளாசுக்கு வரும். அக்கா சொல்வதை நான் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. மூன்றாம் ஆண்டுக் குறிப்பு: பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், புளிப்பு கத்தி மாதிரி. ஐந்தாம் ஆண்டு ஒயின் வாயை மூடிக்கொண்டது. மணமும் இல்லை, ருசியும் இல்லை. விற்பனைத் தலைவர் பதறி, கெட்டுப்போவதற்குள் தள்ளிவிடலாம் என்றார். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டும் என்று அக்கா அவரை அடக்கினார். ஏழாம் ஆண்டு சுட்ட ரொட்டியின் மேல்தோல் மணம் வந்தது. எட்டாம் ஆண்டு வறுத்த பாதாமும் லேசாகத் தேனும் சேர்ந்தன. குமிழி ஊசிமுனையாகச் சிறுத்துவிட்டது. எங்கள் எல்லாருக்கும் அதுவே போதும் என்று பட்டது. அக்கா கண்ணை மூடி யோசித்தார். புளிப்பும் தேனும் தனித்தனியாக நிற்கின்றன, இன்னும் கை கோக்கவில்லை, ஒரு வருடம் கிடக்கட்டும் என்றார். எழுதினேன்.

அந்த ஒரு வருடத்தில்தான் எல்லாம் நடந்தது.

கணவர் இறந்த பிறகு நிறுவனத்தைப் பார்த்துவந்த முதலாளியம்மாவுக்கு எழுபது வயதாகிவிட்டது. நிர்வாகத்தை மருமகனிடம் கொடுத்தார். மருமகன் கெட்ட மனிதர் இல்லை. சுறுசுறுப்பானவர், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவார், நிறுவனம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். நிலவறையைச் சுற்றிக்காட்ட ஆட்களை அழைத்துவரலாம் என்று ஏற்பாடு செய்தார். அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவருக்குக் குடலிறக்க அறுவைசிகிச்சை. அக்கா ஒரு மாதம் விடுப்பில் போனார்.

திரும்பி வந்த அன்று காலை அவரோடு நானும் படியிறங்கினேன். கடைசிப் படியில் நின்றுவிட்டார். நிலவறை ஆபரேஷன் தியேட்டர் போல இருந்தது. கூரை நெடுக வெள்ளை எல்.இ.டி. விளக்கு. ஆறாம் வரிசையின் முன்னால் மட்டும் தனியாக ஆறு விளக்குகள், பாட்டில்களை நோக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கறுப்புத் துணியை அழகாக மடித்து ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தார்கள். ஒயின் தகதகவென்று மின்னியது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

"எத்தனை நாளாச்சு?" என்றார் அக்கா.

மூன்று வாரம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேராகப் போய்ச் சுவிட்சை அணைத்துத் துணியைத் தொங்கவிட்டார். பிறகு மாடியேறி மருமகனின் அறைக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவரே பிறகு பல முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே கொதிப்போடு. மருமகன் எழுந்து நின்று வரவேற்றிருக்கிறார், கணவர் உடல்நிலையை விசாரித்திருக்கிறார், பிறகு எலக்ட்ரீஷியன் கொடுத்த தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இந்த விளக்கு சூடாகவே ஆகாது, கை வைத்தே பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"சூடு இல்ல சார் பிரச்சினை. வெளிச்சம்."

"அதான் மேடம், சூடே இல்லையே."

"வெளிச்சம் சார். வெளிச்சமே ஒயினைக் கெடுக்கும். வெள்ளைக் கண்ணாடின்னா சீக்கிரம் கெடுக்கும்."

"சரி மேடம், இன்னும் கொஞ்சம் ஏசி கூட்டச் சொல்றேன்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அது கூடப் பரவாயில்லை, செவிடன் நம்மிடம் ஏசியைக் கூட்டுவதாகச் சொல்வதில்லை என்றார் அக்கா.

அப்புறம் ஐந்து மாதம் ஒரு யுத்தம். அக்கா அணைப்பார், சுற்றிக்காட்டுகிற பெண் வந்து போடுவாள். அக்கா துணியைத் தொங்கவிடுவார், வந்தவர்கள் படம் எடுக்கத் தூக்குவார்கள். துணியை ஆணியடித்து மாட்டினார். அதற்குத் தச்சரை வைத்து ஒரு திரைக்கம்பி போட்டு, இழுத்தால் திறக்கிற மாதிரி அழகாக மாற்றிக்கொடுத்தார் மருமகன். உங்கள் வசதிக்காகத்தான் மேடம் என்றாராம். ஒருநாள் அக்கா ஐம்பத்து மூன்று வயதில் ஏணி போட்டு ஏறி, ஆறு பல்புகளையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நிறுவனத்தின் சொத்தை எடுத்துச் சென்றதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருக்கிறார்களே, பல்பைத்தான் எடுத்தேன், விளக்கத்தையும் நான்தான் கொடுக்க வேண்டுமா என்று எங்களிடம் கேட்டுவிட்டு, பல்புகளைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளியம்மாவிடம் போய் முறையிட்டார். அவர் மூட்டுவலியோடு படுத்திருந்தார். பிள்ளைகள் ஏதோ புதிதாகச் செய்கிறார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று அனுப்பிவிட்டார். கடைசியில் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை மட்டும் விளக்கு என்று முடிவானது. அதைச் சலுகை என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்தப் பலகைக்கு மேலேயும் ஒரு புது விளக்கு.

எனக்கே சில சமயம் சலிப்பாக இருந்தது. ஒரு விளக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று லேபிள் பிரிவில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கொழுந்தனார் வீட்டில் சாப்பாடு. நாலு வருடத்துக்கு முன் அக்கா அவருக்கு எங்கள் ஒயினில் ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். சாதாரண ரகம், வாங்கிய உடனே குடிக்க வேண்டியது. கொழுந்தனார் அதைக் குடிக்கவில்லை. அண்ணி சொன்ன வார்த்தையை மறக்காமல், நாள்பட நாள்படத்தான் ருசி என்று பிரிட்ஜின் தலைமேல், சமையலறை டியூப்லைட்டுக்கு நேர் கீழே, நிற்கவைத்து நாலு வருடம் காப்பாற்றியிருந்தார். வாரம் ஒருமுறை தூசி துடைத்தாராம். அன்று எல்லாருக்கும் முன்னால் பெருமையோடு திறந்தார். தக்கை எடுக்கிற சத்தமே வரவில்லை. முதல் கிளாஸ் அண்ணிக்கு.

அக்கா முகர்ந்தார். ஐந்து மாதத்துக் கோபம் முழுக்க அந்தக் கிளாசுக்கு மேல் வந்து நின்றது. அவிந்த முட்டைக்கோசு, ஈரக் கம்பளி, நுரை செத்துப்போச்சு, இதைச் சாக்கடையில் ஊற்று என்று சொல்லிவிட்டார். கொழுந்தனார் முகம் சுண்டிப்போனது.

"வச்சா நல்லா ஆகும்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க."

"எந்த ஒயினுக்குச் சொன்னேன், எங்க வைக்கச் சொன்னேன்? பாதியைத்தான் காதுல வாங்குவீங்களா எல்லாரும்?"

அந்த 'எல்லாரும்' தனக்கு இல்லை என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? எழுந்து உள்ளே போய்விட்டார். அக்காவின் கணவர் காருக்குப் போய், அன்றைய விருந்துக்கு என்று கொண்டுவந்திருந்த அதே ரகத்துப் புது பாட்டிலை எடுத்து வந்தார். இரண்டு கிளாஸ் எடுத்தார். ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது. தம்பியைக் கூப்பிட்டு, பேசாமல் குடித்துப் பார் என்று நீட்டினார். கொழுந்தனார் முதலில் புதியதைக் குடித்தார், பிறகு பழையதை. பழையதை விழுங்க முடியாமல் ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து, "இதையா நாலு வருஷம் துடைச்சேன்" என்றார். முதலில் சிரித்தது அவர்தான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் காரில் கணவர் சொன்னாராம்: "நீ அஞ்சு மாசமா உங்க முதலாளியம்மா மருமகன்கிட்ட வாயால சொல்றே. அவரு காதால கேக்கறாரு. இது வாயும் காதும் சம்பந்தப்பட்ட விஷயமா?" அதற்கு அக்கா, சிக்னல் பச்சை விழுந்து இரண்டு நொடியாகிறது, வண்டியை எடுங்கள் என்றாராம். ஆனால் மறுநாள் காலை அவர் எங்கள் பிரிவுக்கு வந்தபோது சுவிட்சைத் தட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு, ஆண்டுச் சுவைப்பை இரண்டு மாதம் முன்னால் வைக்கிறேன், முதலாளியம்மாவும் வந்தே ஆக வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார். காரணம் என்ன எழுதுவது என்றேன். வழக்கமான காரணம் என்று எழுது என்றார்.

ஆறாம் வரிசையில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அடுக்கு. ஓர் அடுக்குக்கு எண்ணூறு. மேஸ்திரி முன் அடுக்கில் விளக்குக்கு நேராக இருந்த ஒரு பாட்டிலையும், பின் அடுக்கில் சுவரோடு ஒட்டி, வெளிச்சமே எட்டாத இடத்தில் கிடந்த ஒரு பாட்டிலையும் எடுத்தார். ஒரே ஒயின், ஒரே நாளில் அடைத்தது. சுவைக்கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள்: முதலாளியம்மா, மருமகன், விற்பனைத் தலைவர், மேஸ்திரி. ஆளுக்கு இரண்டு கிளாஸ். ஒன்றின் அடியில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு புள்ளி. எது எது என்று எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அக்கா ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாயே திறக்கவில்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மேஸ்திரி இரண்டையும் முகர்ந்தார். இரண்டு புள்ளிக் கிளாசைக் குடிக்காமலேயே தள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். விற்பனைத் தலைவர் இரண்டுமே பிரமாதம் என்றார். மருமகன் நிதானமாக, மாற்றி மாற்றிக் குடித்தார். பிறகு இரண்டு புள்ளியை உயர்த்திக் காட்டி, "இதுல ஒரு அழுத்தம் இருக்கு. ஒன்பது வருஷம் வச்சிருந்தது இதுலதான் தெரியுது" என்றார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று என் மனதுக்குள் ஓடியது. அக்காவைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

முதலாளியம்மா கடைசியாக எடுத்தார். ஒரு புள்ளியை முகர்ந்து, கொஞ்சம் குடித்து, வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். அவர் முகம் இளகியது. "அவர் இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டாவது கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு இங்க முட்டைக்கோசு வேக வச்சது?"

மருமகன் தன் கிளாசை மறுபடி எடுத்து முகர்ந்தார். ஒருமுறை பெயர் சொல்லிக் காட்டிவிட்டால் அந்த வாடையிடமிருந்து தப்பிக்க முடியாது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். இன்னொரு முறை முகர்ந்தார். கிளாசை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ரெண்டு புள்ளி எங்க இருந்தது மேடம்?"

"விளக்குக்கு முன்னாடி."

அவர் வாதாடவில்லை. எத்தனை பாட்டில் போயிருக்கும் என்று கேட்டார். முன் அடுக்கு மொத்தமும், பின்னால் எத்தனை அடுக்கு என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் அக்கா. அந்தச் சமயத்தில் விற்பனைத் தலைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போன வருடமே எடுத்திருந்தால் இந்த விளக்கும் இருந்திருக்காது, இந்த நஷ்டமும் இருந்திருக்காது, நாங்கள் எல்லாரும் அப்போதே போதும் என்றோமே, ஒரு வருடம் கிடக்கட்டும் என்றது யார் என்று கேட்டார்.

அக்கா அவரைத் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் போய், ஜெயித்துவிட்டீர்கள் அக்கா என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"எதுல ஜெயிச்சேன்? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியைப் போட்டு உடைச்சிட்டு நிக்கிறோம். அவன் சொன்னது சரிதானே. நான் வாயை மூடிக்கிட்டு எடுக்கச் சொல்லியிருந்தா நாலாயிரமும் இருந்திருக்கும்."

இருந்திருக்கும்தான். குழாயை மூடினேன்.

அன்று அவர் வீட்டில் இதே பேச்சு வந்திருக்கிறது. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே திரும்பத் திரும்பத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தவரிடம் கணவர், நீ ஒயினைப் பற்றிச் சொன்னாய், அது தப்பா என்று கேட்டாராம். தப்பில்லை, இப்போது சுவைத்தபோது புளிப்பும் தேனும் ஒன்றாகிவிட்டன என்றாராம் அக்கா. அப்படியென்றால் வேறொருவர் போட்ட விளக்குக்கும் உன்னிடமே ஏன் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, அவர் தட்டெடுத்து வைக்கப் போய்விட்டார். இதைச் சொல்லும்போது அக்கா, இந்த மனிதர் வாழ்க்கையில் வேகமாகச் செய்த ஒரே காரியம் பேச்சை அப்படி முடித்ததுதான் என்றார்.

மறுநாள் காலை நாங்கள் வந்தபோது ஏணி நிலவறையில் இருந்தது. அதன் மேல் மருமகன். சட்டைக் கையை மடித்துவிட்டு ஆறு விளக்குகளையும் அவரே கழற்றிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் கீழே நின்று வேடிக்கை பார்த்தார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். சார், அந்த வயரைத் தொடாதீர்கள் என்று மட்டும் ஒருமுறை அதட்டினார்.

அடுக்கு அடுக்காகத் திறந்து பார்க்க மூன்று நாள் ஆயிற்று. முதல் அடுக்கு முழுக்கப் போயிருந்தது. இரண்டாவதும் போயிருந்தது, வாடை சற்றுக் குறைவு. நாலாவதும் ஐந்தாவதும் சுத்தம். தகராறு மூன்றாவதில் வந்தது. மேஸ்திரிக்கு அதில் எந்த வாடையும் தெரியவில்லை. முதலாளியம்மாவுக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் கிளாசைச் சுழற்றி நிறுத்திய பின், கடைசியில், ஒரு மயிரிழை தெரிந்தது. விற்பனைத் தலைவர், உலகத்தில் ஒரே ஒரு மூக்குக்குத் தெரிகிற குறைக்கு எண்ணூறு பாட்டிலைக் கொட்டுவதா என்று தலையில் அடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. அக்காவுக்கே குழப்பமாக இருந்தது. மூன்று முறை மூன்று பாட்டில் திறந்து, சுத்தமான ஐந்தாம் அடுக்குக் கிளாசோடு, எது எது என்று தெரியாமல் என்னை மாற்றி வைக்கச் சொல்லி முகர்ந்தார். மூன்று முறையும் சரியாகச் சொன்னார். சொன்ன பிறகு எரிச்சல் தாங்காமல், தெரியாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

மருமகன் மூன்றாம் அடுக்குக் கிளாசோடு ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல மேடம். சுத்தமா தெரியல."

அவர் கையிலிருந்த கிளாசை அக்கா வாங்கிக்கொண்டார்.

"ஆனா போன தடவையும் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதுன்னா வேண்டாம். இதையும் சேர்த்தே காடி போடறவங்களுக்குக் கொடுத்துடுவோம்."

இரண்டாயிரத்து நானூறு பாட்டில்கள் வினிகராகப் போயின. லாரியில் ஏற்றியபோது அக்கா கீழே வரவில்லை. மேலே தன் அறையில் இருந்துகொண்டு, லாரி பின்னால் எடுக்கும்போது அடிக்கிற பீப் சத்தத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு முறை ஆளனுப்பினார்.

மிச்சமிருந்த ஆயிரத்து அறுநூறும் அந்தக் குளிர்காலத்தில் வெளியே வந்தன. வண்டலை எடுத்து, தக்கை போட்டு, ஒவ்வொன்றையும் மஞ்சள் தாளில் சுற்றி, தாளின் மேல்தான் லேபிள் ஒட்டினோம். குடிக்கிற வரை தாளைப் பிரிக்க வேண்டாம், படுக்க வையுங்கள், குளிர்ந்த இருட்டில் வையுங்கள், இதற்கு மேல் ஐந்து வருடத்துக்கு மிகாமல் வையுங்கள், பிரிட்ஜின் மேல் வைக்காதீர்கள் என்று அக்கா எழுதிய சீட்டு ஒன்று கூடவே போனது. கடைசி வரியை எடுத்துவிடலாம் என்றார் விற்பனைத் தலைவர். மருமகன், இருக்கட்டும் என்றுவிட்டார். பாட்டில்கள் ஆறு வாரத்தில் தீர்ந்துவிட்டன. புகழ்ந்து கடிதங்கள் வந்தன. ஒருவர் அதை ஐஸ் போட்டுக் குடித்ததாக மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அக்காவுக்குக் காட்ட வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்து, எப்படியோ அவர் கையில் கிடைத்து, ஒரு முழு நாள் வீணாயிற்று.

சென்ற மாதம் ஒரு மத்தியானம். அக்கா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, கடைத்தெருவில் ஒரு உணவகத்தின் கண்ணாடி ஜன்னலில் அந்த பாட்டிலைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் தாள் இல்லை. உச்சி வெயிலில் பொன்னாக மின்னிக்கொண்டு நிற்கிறது. மணியடித்து, நிறுத்தம் வருமுன்பே ஓட்டுநரோடு சண்டை போட்டு இறங்கி, உள்ளே போய், சீட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாதா என்று ஆரம்பித்திருக்கிறார். உணவகக்காரர் கும்பிடாத குறையாகக் குறுக்கே வந்து, "அம்மா, அது காலி பாட்டில். டீத்தண்ணியைக் கலந்து ஊத்தி வச்சிருக்கேன்" என்றாராம். அக்கா நம்பவில்லை. திறக்கச் சொல்லி முகர்ந்தே பார்த்தார். டீத்தண்ணீர்தான்.

அவர் யார் என்று தெரிந்ததும் உணவகக்காரர் விடவில்லை. உள்ளறை அலமாரியில் தாளோடு படுக்கவைத்திருந்த இரண்டில் ஒன்றை எடுத்து வந்து, ஓரமான மேசையில் உட்காரவைத்து, திறந்து ஊற்றிக்கொடுத்தார். கூட்டம் இல்லாத நேரம். ஒன்பது வருடம் அந்த ஒயினை முகர்ந்து, வாயில் உருட்டி, துப்பியே பழகியவர், அன்று ஒரு கிளாஸ் முழுவதையும் விழுங்கியிருக்கிறார். எழுதிக்கொள்ள யாரும் பக்கத்தில் இல்லை. அடுத்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை இதை எங்களிடம் சொன்னபோது, எப்படி இருந்தது அக்கா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "கிளாசைத்தான் அந்த ஆளு ரொம்ப ஜில்லுன்னு வச்சிருந்தான். பாதி மணம் எந்திரிக்கவே இல்ல. சொல்லிட்டுத்தான் வந்தேன்."